கதை உங்களுடையது, பின்னூட்டம் யாருடையது?

கேள்வி: வணக்கம் மேடம். சில வருடங்களாக ஒரு கதைத் தளத்தில் தொடர்கதை எழுதி வருகிறேன். வாசகர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கமெண்ட் போடுவார்கள், நானும் பதில் சொல்வேன். இப்போது ஒரு பதிப்பகம் அந்தத் தொடரைப் புத்தகமாகப் போடக் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து ஒரு வாசகி, 31ஆம் அத்தியாயத்தின் திருப்பம் தன்னுடையது, புத்தகத்தில் பங்கு வேண்டும் என்கிறார். "அவள் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்?" என்று அவர் கமெண்ட் போட்டது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் எழுதினேன். இன்னொரு வாசகர் கதையில் வரும் மாமியாரின் குரலிலேயே மூன்று பத்தி எழுதிப் போட்டிருந்தார். பிரமாதமாக இருந்ததால் ஓரிரு சொல்லை மட்டும் மாற்றி அடுத்த அத்தியாயத்தில் சேர்த்துவிட்டு, கீழே நன்றி சொன்னேன். அவர் இதுவரை எதுவும் கேட்கவில்லை. என் தோழியோ, "தளத்தில் போட்டதெல்லாம் தளத்துக்கே சொந்தம், உன்னால் புத்தகமே போட முடியாது" என்கிறாள். அது சரியா? புத்தகத்தின் கடைசியில் வாசகர் கமெண்டுகளைச் சேர்க்க ஆசை, சேர்க்கலாமா? மோசமான கமெண்டுகளை அழித்தால் பிரச்சினை வருமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பங்கு கேட்கும் வாசகியை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குக் கவலை, ஒன்றுமே கேட்காமல் இருக்கிறாரே, அந்த மாமியார் பத்திகளை எழுதியவரைப் பற்றித்தான். உங்கள் புத்தகத்துக்குள் உரிமையோடு உட்கார்ந்திருப்பவர் அவர்.

முதலில் கடிதத் திருப்பத்தை முடித்துவிடுவோம். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் கீழ் 1994இல் கையெழுத்தான, அறிவுசார் சொத்துரிமை பற்றிய ட்ரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவே, பாதுகாப்பு வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கு அல்ல என்று சொல்லிவிடுகிறது. "பிரிக்காமலே திருப்பி அனுப்பினால்?" என்பது ஒரு கருத்து. அதைப் பத்து எழுத்தாளர்களிடம் கொடுத்தால் பத்து வேறு அத்தியாயங்கள் வரும். உறையின் மேல் இருந்த கையெழுத்தை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள், திருப்பி அனுப்பும்போது யாரிடம் என்ன பொய் சொன்னாள் என்பதையெல்லாம் எழுதியது நீங்கள். கூட்டு ஆசிரியர் என்றும் அவர் உரிமை கோர முடியாது. அதற்கு இருவரும் சேர்ந்து எழுதியிருக்க வேண்டும், இருவருடைய எழுத்தும் படைப்பில் கலந்திருக்க வேண்டும். ஒரு வரி யோசனை சொன்னது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்தக் கமெண்டுக்கு நீங்கள் போட்ட பதில் என்ன? "அடடா, சூப்பர் ஐடியா, எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தால் கவலையில்லை. உற்சாகத்தில் "புத்தகமாக வந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு" என்று எழுதியிருந்தால் கதை வேறு. அது பதிப்புரிமைச் சிக்கல் ஆகாது, வாக்குக் கொடுத்த சிக்கல் ஆகும். இப்படி விளையாட்டாகப் போட்ட ஒரு வரி பின்னால் வக்கீல் நோட்டீசில் மேற்கோளாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பதிலையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதுங்கள். பங்கு தர முடியாது, ஆனால் நன்றியுரையில் பெயர் போட விருப்பம், சம்மதமா என்று கேளுங்கள். நன்றியுரையில் "31ஆம் அத்தியாயத்தின் திருப்பத்துக்கு யோசனை சொன்ன" என்று எழுதுங்கள். "இணைந்து உருவாக்கிய", "கூட்டு முயற்சியில்" போன்ற சொற்கள் வேண்டாம். பெருந்தன்மைக்காக எழுதும் வரியை நாளைக்கு யாராவது ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டுவார்கள்.

இனி மாமியார் பத்திகள். நீங்கள் எழுதியவற்றின் உரிமை எப்படி உங்களுக்கு வந்ததோ, அப்படியேதான் அந்த மூன்று பத்தியின் உரிமை அவருக்கு வந்தது. பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பதிவு செய்ய வேண்டாம், முத்திரை வேண்டாம், எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும் என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. கமெண்ட் பெட்டியில் எழுதினாலும், கைபேசியில் ஒரு விரலால் தட்டினாலும் இதேதான். புனைபெயரில் எழுதியதால் உரிமை போய்விடாது. உங்கள் கதையின் கீழே எழுதியதால் உங்களுக்கு வந்துவிடவும் செய்யாது.

"என் பக்கத்தில், எனக்காக எழுதியதுதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்தது இல்லை. 1741இல் இங்கிலாந்தில், கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் அச்சிட்டு விற்றுவிட்டார். போப் வழக்குப் போட்டார். கடிதத்தை அனுப்பிவிட்டால் அது பெற்றவருக்குச் சொந்தமில்லையா என்ற கேள்வி அங்கே வந்தது. தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், அதற்காகச் சொற்களை உலகத்துக்கு அச்சிட்டு விற்கும் அனுமதி யாருக்கும் போகாது என்பதுதான் நீதிபதி ஹார்ட்விக் பிரபுவின் முடிவின் சாரம். கமெண்டும் உங்களுக்கு வந்த கடிதம் மாதிரி. படிக்கலாம், பதில் சொல்லலாம், வைத்துக்கொள்ளலாம். அச்சில் ஏற்றி விற்க எழுதியவரைக் கேட்க வேண்டும்.

நீங்கள் நன்றி சொன்னது நல்ல குணம், ஆனால் அது அனுமதியாகிவிடாது. "ஓரிரு சொல்லை மாற்றினேன்" என்பதும் காப்பாற்றாது. எத்தனை சொல் வரைக்கும் எடுக்கலாம் என்று ஒரு எண் ஊரெங்கும் உலவுகிறது, அதை நம்பாதீர்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் இன்ஃபோபாக் வழக்கில், எழுதியவரின் சொந்தப் படைப்பாற்றல் தெரிகிறதென்றால் 11 சொற்கள் கொண்ட துண்டுக்குக்கூடப் பாதுகாப்பு இருக்கலாம் என்றது. மூன்று பத்தி, அதுவும் ஒரு பாத்திரத்தின் குரலைப் பிடித்து எழுதியது என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. உங்கள் பாத்திரத்தை வைத்து அவர் எழுதினார் என்பது உண்மை. அதனால் அவரும் அந்தப் பத்திகளை உங்களைக் கேட்காமல் வேறெங்கும் தன் கதையாகப் போட்டுவிட முடியாது. ஆக அந்தப் பத்திகளை அச்சிட இருவர் சம்மதமும் வேண்டும்.

தளத்தில் அவர் கண்ணெதிரே போட்டீர்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. தளத்தில் இருப்பதற்கு மௌன சம்மதம் என்று வாதாடலாம். விலை போட்டு விற்கும் புத்தகத்துக்கு அந்த மௌனத்தை இழுத்துக்கொண்டு வர முடியாது. பெரும்பாலானோர் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். கேட்காமல் எடுத்ததை அச்சில் பார்க்கும்போதுதான் மனம் கசந்து போகிறது. இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். 32ஆம் அத்தியாயத்தில் நீங்கள் எழுதிய மூன்று பத்திகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தொடர் இப்போது புத்தகமாக வருகிறது. அச்சுப் பதிப்பிலும் மின்னூலிலும், பின்னால் மொழிபெயர்ப்போ ஒலி நூலோ வந்தால் அவற்றிலும், அந்தப் பத்திகளை மாற்றங்களோடு பயன்படுத்த உங்கள் சம்மதம் வேண்டும். எந்தப் பெயரில் நன்றி சொல்ல வேண்டும், பணமாக ஏதும் எதிர்பார்க்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு மாதிரி எழுதிக்கொள்கிறேன்."

கடைசி வரி முக்கியம், அதை மனதாரச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், மின்னஞ்சல் போதும். பதிலே வராவிட்டால் அந்தப் பத்திகளை எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். மாமியார் உங்கள் பாத்திரம், அவள் எப்படிப் பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியாதா?

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் அந்தப் பதிப்பக ஒப்பந்தம். நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பிரிவு இருக்கும்: "இந்நூல் முழுவதும் ஆசிரியரின் சொந்தப் படைப்பு, பிறர் உரிமை எதையும் மீறவில்லை, அப்படி யாரேனும் கோரினால் வரும் இழப்பை ஆசிரியரே ஈடுகட்டுவார்." ராயல்டி விகிதத்தைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இன்றைய நிலையில் நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் மூன்று பத்தி அளவுக்குப் பொய் சொல்கிறீர்கள். ஏதாவது ஆனால் செலவு உங்கள் தலையில்.

அடுத்து உங்கள் தோழி சொன்னது. அவர் சொன்னபடி நடப்பது அபூர்வம், ஆனால் நடக்காமலும் இல்லை. பெரும்பாலான தளங்களின் விதிமுறையில் "உள்ளடக்கத்தின் உரிமை உங்களிடமே இருக்கும்" என்று ஒரு வரி வரும். அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். உலகம் முழுவதும், கட்டணமின்றி, மேலும் பிறருக்கும் வழங்கக்கூடிய வகையில் உங்கள் எழுத்தைப் பயன்படுத்த, மாற்றியமைக்க, பரப்ப தளத்துக்கு அனுமதி தருகிறீர்கள் என்று இருக்கும். சொத்து உங்கள் பெயரில்தான், ஆனால் அதைப் பயன்படுத்தத் தளத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அனுமதி பிரத்தியேகமானது, அதாவது தளத்துக்கு மட்டுமே உரியது, இல்லை என்றால் நீங்கள் புத்தகம் போடலாம், தளத்தைக் கேட்க வேண்டியதில்லை.

பிரத்தியேகமானது என்றால் நின்று யோசிக்க வேண்டும். தொடரைத் தளத்தின் கட்டணத் திட்டத்தில் சேர்த்தீர்களா? தளம் நடத்திய போட்டிக்கு அனுப்பினீர்களா? போட்டி விதிகள் பொது விதிகளிலிருந்து தனியாக இருக்கும், பல சமயம் அதிகமாகவே பிடுங்கிக்கொள்ளும். பரிசு பெற்ற படைப்பின் புத்தக உரிமையும் தங்களுக்கே என்று எழுதியிருப்பார்கள். உரிமையையே மாற்றிக் கொடுப்பதற்குக் கையொப்பமிட்ட பத்திரம் வேண்டுமே, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பெட்டியைச் சொடுக்கினால் போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வீடு விற்பனைப் பட்டியல் வெளியிடும் ஒரு நிறுவனத்தின் வழக்கில், தளத்தில் படம் ஏற்றும்போது சொடுக்கிய ஒப்புதலே உரிமையை மாற்றிக் கொடுக்கப் போதுமானது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா நாட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சொடுக்கியது செல்லாது என்ற தெம்பில் மட்டும் இருக்காதீர்கள்.

தளம் உங்கள் எழுத்தால் சம்பாதித்தால் அதில் உங்களுக்குப் பங்கு வருமா? ஹஃபிங்டன் போஸ்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தில் சம்பளமில்லாமல் எழுதியவர்கள் இதைக் கேட்டார்கள். 2011இல் ஏஓஎல் நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் எழுத்தால் வந்த மதிப்புதானே என்று எழுதியவர்கள் சார்பில் வழக்குப் போனது. பணம் கிடையாது என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்று 2012இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் மகிழ்ச்சியில்லை, ஆனால் சட்டப்படி அது ஆச்சரியமும் இல்லை.

தளத்துக்குக் கொடுத்த அனுமதி ஊருக்கெல்லாம் கொடுத்ததாகாது, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது புகைப்படக்காரர் டேனியல் மோரெல் தன் படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து வெளியிட்டது, கெட்டி என்ற பட விற்பனை நிறுவனம் விற்றது. ட்விட்டரில் போட்டதை யாரும் எடுக்கலாம் என்ற வாதம் எடுபடவில்லை. 2013இல் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. உங்கள் அத்தியாயங்களை எடுத்து வேறு எங்காவது போடுபவர்களுக்கும் இதேதான். நீங்கள் பிறர் கமெண்டை எடுத்தாலும் இதேதான்.

இன்னொரு விஷயம், கிரியேட்டிவ் காமன்ஸ். சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுக்கும் பொது உரிமங்கள் இவை. சில தளங்களில் பதிவேற்றும்போதே ஒரு உரிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், பலர் எது முதலில் இருக்கிறதோ அதைச் சொடுக்கிவிடுவார்கள். அப்படி ஏதாவது தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. நீங்கள் கதையை அழித்தாலும், அதற்கு முன் பிரதி எடுத்தவர் நிபந்தனைப்படி பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். 2024 மே மாதம் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டபோது, கோபத்தில் தங்கள் பதில்களை அழிக்கப் பார்த்த சிலரின் கணக்கைத் தளம் முடக்கியது. எழுதியது அவர்கள்தான், உரிமையும் அவர்களுடையதுதான். ஆனால் திரும்பப் பெற முடியாத உரிமத்தில் கொடுத்துவிட்டார்கள். உங்கள் தொடர் அப்படிப்பட்ட உரிமத்தில் இருந்தால் பதிப்பகத்திடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிரத்தியேக உரிமை கேட்கும் பதிப்பாளருக்கு அது பெரிய செய்தி.

அப்படி எதுவும் இல்லை என்றாலும், "இந்தத் தொடர் இன்ன தளத்தில் இன்ன காலத்தில் வெளியானது, தளத்துக்குப் பிரத்தியேகமில்லாத அனுமதி உள்ளது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தளத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வார்கள், அது நியாயம்தான். எடுத்தால் தளத்தின் அனுமதி முடிகிறதா, தொடர்கிறதா என்பது தளத்துக்குத் தளம் வேறுபடும். விதிமுறையில் "முடிவு" அல்லது "நீக்கம்" என்ற தலைப்பில் தேடுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் இருந்த விதிமுறையைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள், அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எடுப்பதற்கு முன் வாசகர்களுக்குச் சில வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கதையை நீக்கினால் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான கமெண்டுகளும் போய்விடும். அவை அவர்கள் எழுதியவை. வேண்டியவர் பிரதி எடுத்துக்கொள்ளட்டும். சட்டம் இதைக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

புத்தகத்தின் பின்னால் கமெண்டுகளைச் சேர்க்கும் ஆசைக்கு வருவோம். "அருமை", "அடுத்த பகுதி எப்போது?" போன்றவற்றில் சொந்தப் படைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, அவற்றுக்குப் பாதுகாப்பும் இல்லை. ஆனால் அவற்றை எதற்குப் புத்தகத்தில் போட வேண்டும்? நீங்கள் சேர்க்க நினைப்பது தன் கதையைச் சொல்லி அழுத கமெண்டையும், பாத்திரத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட கமெண்டையும்தானே. அவை எல்லாவற்றுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். மதிப்புரை எழுதும்போது ஒரு கமெண்டிலிருந்து அளவாக மேற்கோள் காட்டுவதை பெர்ன் ஒப்பந்தமே அனுமதிக்கிறது. ஒரு பகுதி முழுக்கக் கமெண்டுகளாக நிரப்புவது மேற்கோள் இல்லை, தொகுப்பு. அதோடு, தன் வாழ்க்கையில் நடந்ததைப் புனைபெயரில் எழுதிய ஒரு பெண்ணின் கமெண்டை அச்சில் கொண்டுவந்தால், அவரை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடியவர் கையில் புத்தகம் போய்ச் சேரலாம். இருபது பேரிடம் கேளுங்கள், சம்மதித்தவர்களுடையதைப் போடுங்கள், அவர்கள் சொன்ன பெயரில் போடுங்கள்.

அழிப்பதைப் பற்றி: தாராளமாக அழியுங்கள். கமெண்ட் எழுதியவருக்கு அதன் சொற்கள் மேல் உரிமை இருக்கிறது, உங்கள் பக்கத்தில் அது தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கமெண்டுக்குள் கைவைத்து வரிகளை மாற்றாதீர்கள். சில தளங்கள் அந்த வசதியைக் கொடுக்கின்றன. பாதியை வெட்டிவிட்டு மீதியை அவர் பெயரில் விடுவது, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது. 1928இல் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த பிரிவு, எழுதியவர் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. வைத்தால் முழுதாக வையுங்கள், இல்லையேல் முழுதாக எடுங்கள்.

அழிக்காமல் விட்டாலும் சில நாடுகளில் சிக்கல் வரலாம். எஸ்தோனியாவின் டெல்ஃபி செய்தித் தளத்தில் ஒரு கட்டுரையின் கீழ் வந்த சுமார் இருபது வெறுப்புக் கமெண்டுகள் ஆறு வாரம் அப்படியே கிடந்தன. தளம்தான் பொறுப்பு என்ற உள்ளூர்த் தீர்ப்பை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் உறுதி செய்தது. 2023இல் ஒரு பிரெஞ்சு அரசியல்வாதி, தன் ஃபேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் போட்ட வெறுப்புக் கமெண்டுகளை நீக்காததற்காகப் பெற்ற தண்டனையும் அங்கே நிலைத்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்கு இடம் கொடுத்தவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கதைத் தொடருக்குக் கீழே அந்த அளவுக்கு எதுவும் வராது என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட ஆளை மிரட்டும் கமெண்டோ, பெயர் சொல்லி அவதூறு செய்யும் கமெண்டோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு உடனே நீக்குங்கள். கதை பிடிக்கவில்லை என்று திட்டியதை நீக்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் என்றால் விட்டுவிடுவேன்.

இனிமேல் எழுதும் தொடர்களுக்கு, முதல் அத்தியாயத்தின் கீழே இரண்டு வரி போட்டு வையுங்கள்: "கமெண்டில் நீங்கள் சொல்லும் யோசனைகளைக் கதையில் பயன்படுத்தக்கூடும். நீங்கள் எழுதிய வரிகளை அப்படியே எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்." அதை மீறாமல் நடந்துகொண்டால் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மறுபடி எழுத வேண்டியிருக்காது.

இப்போது செய்ய வேண்டிய வேலை வரிசை: மாமியார் வாசகருக்கு இன்றே எழுதுங்கள், தளத்தின் விதிமுறையையும் போட்டி விதிகளையும் இந்த வாரத்துக்குள் படித்துவிடுங்கள், பதிப்பகத்திடம் அவகாசம் கேளுங்கள். ஒரு மாதம் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் பதிப்பகம் என்றால் அந்த ஒப்பந்தத்தின் மற்ற பிரிவுகளையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.